வலமிருந்து வந்த சுழி

செங்கல் பேசுமா என்று என்னைக் கேட்காத பத்திரிகைக்காரர் கிடையாது. பேசாது. ஆனால் காட்டிக்கொடுக்கும். தன்னைத் தொட்டவர்களைக் காட்டிக்கொடுக்கும், தன்னைப் பற்றி உளறுகிறவர்களையும் காட்டிக்கொடுக்கும். இதில் நான் இரண்டாவது ரகம். அதனால்தான் இந்தக் கதையை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வேறு யாராவது எழுதினால் என்னை நல்லவளாகக் காட்டிவிடுவார்கள்.

என் பெயர் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கம். என் அம்மா காளவாயில் கல் அறுத்தவள். செங்கல் சூளையைத்தான் எங்கள் ஊரில் காளவாய் என்போம். குழைத்த மண்ணை அச்சில் அடித்துப் பச்சைக்கல் எடுப்பதற்குக் கல் அறுப்பது என்று பெயர். அவள் அறுத்ததில் நான் படித்து, அமெரிக்காவில் வர்ஜீனியா வரை வந்து, கடைசியில் இங்கேயும் செங்கல்லைத்தான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே போனாலும் விடாது போலிருக்கிறது.

நான் செய்த கருவிக்கு விரல்மானி என்று பெயர். இட்லிக் குண்டான் அளவு இருக்கும். அது என்ன செய்யும் என்பதை நான் வெர்னாவுக்குச் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவள்தான் அதைப் பற்றி ஒழுங்கான கேள்வி கேட்ட முதல் ஆள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு செங்கல்லைப் பூந்துவாலையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள் வெர்னா டாலிவர். அறுபத்தேழு வயது கறுப்பினப் பெண்மணி. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். அந்தக் குரலுக்கு நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாயை மூடுவார்கள் என்பதை அன்றே புரிந்துகொண்டேன். அமெரிக்காவின் இந்தப் பகுதியில் வயதில் மூத்தவர்களை ‘மிஸ்’ என்று சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். எனக்கு வாய்தவறி ‘அக்கா’ என்று வந்துவிட்டது. அர்த்தம் கேட்டாள், சொன்னேன். “அதையே வச்சுக்கோ” என்றாள். பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். என் காதில் தென்காசித் தமிழாக விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

“இதுல கை வச்சது யாருன்னு உன் மிஷின் சொல்லுமா?”

“பேரு சொல்லாதுக்கா. வயசு சொல்லும். ஆம்பளையா பொம்பளையான்னு ஓரளவு சொல்லும். இதே விரலு வேற எந்தக் கல்லுல பட்டிருந்தாலும் கண்டுபிடிச்சிரும். ரேகை பொறந்ததுல இருந்து மாறாது. வயசானா அகலமாகும், அவ்வளவுதான்.”

“விரல வச்சு எடுத்தா தடம் இருக்கும். இழுத்துருந்தா?”

“அதுதான் இதுல விசேஷமே. ஈர மண்ணுல விரல இழுத்தா, மண்ணுத் துகளெல்லாம் விரலு போன பக்கமாச் சாயும். சூளையில வெந்ததும் சாஞ்சபடியே நின்னுரும். எங்க தொடங்குனாங்க, எங்க நிப்பாட்டுனாங்க, எங்க அழுத்துனாங்க, எல்லாம் தெரியும். ஆனா ஒரு கல்லுக்கு அஞ்சு மணி நேரம் ஆகும்.”

“பேரு எனக்கே தெரியும்” என்றாள் வெர்னா. “ஏபிரம் டாலிவர். எங்க தாத்தாவோட தாத்தா. அடிமைத்தனத்துல இருந்து விடுதலையாகி, எங்க சர்ச்சுக்குத் தன் கையால கல்லு அறுத்துக் குடுத்தவரு. ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தி நாலு. சர்ச்சுப் புத்தகத்துல அவரு பேரு இருக்கு. அவருக்கு முன்னால இருந்தவுகளத்தான் காணோம்.”

காணோம் என்றால், இருந்த இடம் தெரியும். தார்ன்பரி என்ற தோட்டம். ஆற்றோரம், புகையிலை. நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள் தங்கள் செத்தவர்களைப் புதைத்த மேடு ஒன்று இருக்கிறது. பெயர் செதுக்கிய ஒரு கல் கிடையாது, ஆற்றுக்கல்லை நட்டுவைத்திருக்கிறார்கள். இப்போது அந்தத் தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கிக் கல்யாண மாளிகை ஆக்கியிருக்கிறது. மேட்டைத் தள்ளிவிட்டுக் கார் நிறுத்தப் போகிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த புதுச் சட்டம் ஒன்று வெர்னா பக்கம் இருந்தது. புதைக்கப்பட்டவர்களின் வாரிசு என்று ஒரு தலைமுறைக் கண்ணிகூட விடாமல் நிரூபித்தால் புதைமேடு வாரிசுகளுக்கே. நிரூபிக்கத்தான் வழியில்லை. மேட்டில் இருப்பவர்கள் எல்லாம் ஆயிரத்து எண்ணூறுக்கு முன்னால் செத்தவர்கள். தோட்டத்துச் சொத்துப் பட்டியலில் ‘ஜூனோ, குழந்தையுடன்’ என்று ஒரு வரி. அடுத்த வரியில் மாடு. அதற்கடுத்து கலப்பை. அந்தக் குழந்தைக்குப் பெயர்கூட எழுதவில்லை.

“ஆனா தார்ன்பரியில நிக்கிற கட்டடம் அம்புட்டும் எங்க ஆளுங்க அறுத்த கல்லு” என்றாள் வெர்னா. “காயிதத்துல எங்கள எழுதல. செவத்துல நாங்க எழுதிட்டோம். நீ வாசிச்சுக் குடு. விசாரணை மே மாசம் பதினாலு.”

காளவாய்க்காரி மகளிடம் வந்து கல்லை வாசிக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுவேனா!

சட்டப்படி கம்பெனி எங்களை ஒரு வாரம் தார்ன்பரிக்குள் விட்டது. பால் அறை, சமையல்கட்டு, தோட்டத்து மதில், களஞ்சியம், பெரிய வீட்டின் கிழக்குப் பகுதி. ஒவ்வொன்றும் இருபது, இருபத்தைந்து வருட இடைவெளியில் கட்டியவை. முதல் இரண்டு நாள் கைத்தடங்கள், கட்டைவிரல்கள், ஒரு கல்லில் நாய்ப்பாதம். மூன்றாம் நாள் பால் அறையின் உள்சுவரில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். அங்கே ஒரு கல்லின் முகத்தில், விரலால் இழுத்து, தெளிவாக ‘உ’ என்று இருந்தது.

சின்னச் சுழி. வளைவு. வலப்பக்கம் நீண்ட கோடு. நீங்கள் பரீட்சைத்தாளின் தலையில் போட்டது, கல்யாணப் பத்திரிகையின் நெற்றியில் இருப்பது, புதுப் பேனா வாங்கினால் கை தானாகக் கிறுக்குவது. பிள்ளையார் சுழி! வர்ஜீனியாவில், ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டில் கட்டிய ஒரு பால் அறையில்!

“அக்கா! ஓடி வாங்க! இது எங்க எழுத்து! எங்க பிள்ளையாரு!”

வெர்னா வந்து குனிந்து பார்த்தாள். “அட, இது எங்க அப்பா...” என்று ஆரம்பித்தாள்.

“இருங்கக்கா, மொதல்ல நான் சொல்லுதத கேளுங்க” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினேன் பாருங்கள், முக்கால் மணி நேரம். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றி லண்டனுக்கும், அங்கிருந்து இந்தக் காலனிகளுக்கும் வேலைக்காரர்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்தது உண்மை, அதைச் சொன்னேன். எதை எழுதத் தொடங்கினாலும் நாங்கள் இந்தச் சுழி போடுவோம் என்று சொன்னேன். உங்கள் முதல் பாட்டி எங்கள் ஊர்க்காரியாகக்கூட இருக்கலாம் என்று சொன்னேன். நடுவில் வெர்னா இன்னொரு தடவை வாயெடுத்தாள். அதற்கும் “இருங்க” என்றேன்.

மற்றக் கட்டடங்களிலும் தேடினோம். எல்லாவற்றிலும் அதே குறி இருந்தது. மொத்தம் இருபத்திமூன்று; எல்லாவற்றையும் கருவியில் பதிந்துகொண்டேன், வாசிப்பதுதான் பாக்கி. அவள் கொண்டுவந்த சர்ச்சுக் கல்லின் மூலையிலும் மங்கலாக அதுவே இருந்தது. இதையெல்லாம் அஞ்சு மணி நேரம் வீதம் கருவியில் ஓட்டிப் பார்த்துவிட்டல்லவா வாயைத் திறந்திருக்க வேண்டும்? காரில் ஏறுவதற்குள் போட்டோ எடுத்து எங்கள் தமிழ்ச் சங்கத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ‘தமிழர் யாருக்கும் இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை’ என்று ஒரு வரி வேறு.

அவ்வளவுதான். அன்று மாலைக்குள் சிங்கப்பூரிலிருந்து, கனடாவிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து எல்லாம் வாழ்த்து வந்தது. சங்கத் தலைவர் டாக்டர் நஞ்சப்பன், கோபிச்செட்டிபாளையத்துக்காரர், இதய மருத்துவர், போனில் அழுதேவிட்டார்.

“அம்மணி, எப்பேர்ப்பட்ட காரியம் பண்ணிப்போட்டீங்க! வெண்கலத்துல பலகை அடிச்சு அந்தச் செவுத்துலயே பதிச்சர்லாமுங்க. விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. உ மாதிரியே கேக்குக்குச் சொல்லியாச்சுங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கொடுத்தேன். ஒரு பேட்டியிலும் வெர்னாவின் பெயரை நான் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மே மாதம் ஏழாம் தேதி வெர்னா வந்தாள். இந்த முறை துவாலை இல்லை, ஒரு காகிதம். கம்பெனி வக்கீல் அனுப்பியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே வாசித்தாள்.

விஷயம் இதுதான். மனுதாரர் தன் முன்னோர் செய்ததாகச் சொல்லும் குறிகள் இந்தியாவின் தமிழ் எழுத்து என்று அவர் தரப்பு நிபுணரே உலகறியச் சொல்லியிருக்கிறார். ஆகவே அவற்றைச் செய்தவர் யாரோ ஓர் இந்திய வேலைக்காரர், அவரிடம் வேலை பழகிய பலர். மனுதாரரின் குடும்பத்துக்கும் அந்தக் குறிகளுக்கும் தொடர்பில்லை. முதல் கண்ணியே அறுந்தது.

அடியில் என் பேட்டியை ஒட்டியிருந்தார்கள். பட்டுப்புடவையோடு.

“அக்கா, நான் நெனக்கவே இல்ல...”

“நூத்தம்பது வருஷமா எங்கள நீங்க இல்ல, வேற யாரோன்னு சொன்னானுக” என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “வீட்டக் கட்டுனது எசமான்னு எழுதி வச்சானுக. செவத்துல கெடந்த ஒத்த அடையாளம். அதையும் நீ வந்து உன் ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்ட. ரெண்டு தடவ வாயெடுத்தேன் இசக்கி. என்ட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?”

காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று என்ன சொல்ல வந்தாள் என்று, அவமானத்தில் அப்போதும் நான் அவளிடம் கேட்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் கருவியின் முன்னால் உட்கார்ந்தேன். பால் அறைக் கல்லின் பதிவை முதலில் ஓட்டினேன். அஞ்சு மணி நேரம் கழித்துத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி வரும். விரல் எப்படிப் போனதோ அப்படியே புள்ளி போகும். நான் கண்ணை வைத்துச் சுழியின் நடுவில் காத்திருந்தேன். புள்ளி அங்கே வரவில்லை. கோட்டின் வலக்கோடியில் வந்தது. அங்கிருந்து இடப்பக்கம் ஓடி, மேலே ஏறி, வளைந்து, சுருண்டு, கடைசியில் சுழிக்குள் போய் நின்றது.

திரும்ப ஓட்டினேன். அதே. இன்னொரு கல். அதே.

ஒரு தமிழ்ப்பிள்ளை இதை எப்படி எழுதும்? சுழியில் தொடங்கும். எல்லாரும் அப்படித்தான். என் கை லட்சம் தடவை எழுதியிருக்கிறது, ஒரு தடவைகூட வாலிலிருந்து தொடங்கியதில்லை. இது உ இல்லை. உ மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நான் சுவரில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதி இல்லை, வயிற்றெரிச்சல். கோயம்புத்தூர் வரைக்கும் போன பெருமையை எந்த வாயால் திருப்பி எடுப்பது? அந்த எரிச்சலோடுதான் அழுத்தக் கணக்கைத் திறந்தேன். அதில் இருந்தது வேறு விஷயம். சில கற்களில் ஒரே கோட்டில் இரண்டு விரல்கள். கீழே ஒரு குட்டி விரல், நாலைந்து வயசு இருக்கும். அதன் மேல் ஒரு பெரிய விரல். பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைத்திருக்கிறார்கள்! தாம்பாளத்து அரிசியில் என் அம்மா என் விரலைப் பிடித்தது போலவே. ரேகைச் சாயல் இரண்டுக்கும் ஒத்தது. பெற்றவளும் பிள்ளையும்.

பால் அறையில் பிடிக்கப்பட்ட அந்தக் குட்டி விரல், பத்தொன்பது வருடம் கழித்துச் சமையல்கட்டில் பெரிய விரலாக வந்து இன்னொரு குட்டி விரலைப் பிடித்தது. அது மதிலில் வளர்ந்து நின்று அடுத்ததைப் பிடித்தது. மதிலிலிருந்து களஞ்சியம், களஞ்சியத்திலிருந்து கிழக்குப் பகுதி. அங்கே பிடிக்கப்பட்ட பிள்ளையின் விரல், அகலமாகி, தழும்போடு, தனியாக, வெர்னாவின் சர்ச்சுக் கல்லில் இருந்தது. ஏபிரம். ஐந்து கற்கள், ஆறு பேர், ஒரு கண்ணிகூட அறவில்லை. சமையல்கட்டில் இன்னொரு குட்டி விரலும் பிடிக்கப்பட்டிருந்தது. அது அதற்கப்புறம் எந்தக் கட்டடத்திலும் இல்லை. விற்றார்களா, செத்துப்போனதா, தெரியாது. அந்தக் கல்லை மட்டும் என்னால் இரண்டாம் முறை ஓட்ட முடியவில்லை.

வெர்னாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அத விசாரணையில வந்து சொல்லு” என்றாள். “நான் சொல்ல வேண்டியத நான் அங்க சொல்லிக்கிறேன்.” வைத்துவிட்டாள்.

அடுத்து நஞ்சப்பன்.

“ஏனுங்கம்மணி, கெடச்ச பெருமைய நீங்களே போட்டு ஒடைக்கறீங்களே! நேரா எழுதுனா என்ன, திருப்பி எழுதுனா என்னங்க? பார்க்க உ தானுங்களே?”

“அண்ணாச்சி, அது நம்ம பெருமை இல்ல. அவுக பெருமை. நான் தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன். திருப்பிக் குடுக்கப் போறேன்.”

“கேக்கு வேற சொல்லிப்போட்டனுங்களே” என்றார் பரிதாபமாக.

பதினாலாம் தேதி விசாரணைக் கூடத்தில் உட்கார இடமில்லை. வெர்னாவின் சர்ச்சுக் கூட்டம் முழுக்க வந்திருந்தது, தொப்பிகளோடு. கடைசி வரிசையில் நஞ்சப்பன், மடியில் ஒரு பை. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி, சிரிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தது போன்ற முகம். கம்பெனி வக்கீல் என்னிடம்தான் முதலில் வந்தார்.

“தமிழர் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று எழுதியது நீங்கள்தானே?”

“நான்தான்.”

“அப்படியென்றால் இப்போது நீங்கள் தமிழர் இல்லையா?”

“தமிழச்சிதான். அன்னைக்கு உளறிட்டேன்.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நான் எழுந்து பலகையில் பெரிதாக ஓர் உ எழுதினேன், மெதுவாக, சுழியில் தொடங்கி. பிறகு திரையில் இருபத்திமூன்று குறிகளில் ஓடி முடிந்த பதினொன்றைக் காட்டினேன். பதினொரு ஒளிப்புள்ளிகளும் வலக்கோடியில் பிறந்து எதிர்ப்பக்கமாக ஓடின.

“எழுதியவர் இடதுகைக்காரராக இருக்கலாமே?” என்றார் வக்கீல்.

“எங்க சித்தப்பா இடதுகைக்காரரு. அவரும் சுழியிலதான் தொடங்குவாரு. ஐயா, இந்த எழுத்த எழுதுதவுகள்ல ஒருத்தர்கூட வாலப் பிடிச்சுத் தொடங்க மாட்டாங்க. இது எங்க எழுத்து இல்ல. இதுக்கு நாங்க சொந்தக்காரங்க இல்ல. இதுக்குச் சொந்தக்காரங்க இந்த ஆறு பேரு.” விரல் மேல் விரல் வைத்த ஐந்து கற்களையும் ஏபிரமின் கல்லையும் வரிசையாகக் காட்டினேன். தொப்பிகளின் பக்கம் யாரோ “ஆண்டவரே” என்றார்கள். சொல்லி முடித்து உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பட்டுப்புடவைப் பேட்டியில் இல்லாத ஒரு கம்பீரம் அப்போது எனக்கு இருந்தது.

வக்கீல் விடவில்லை. வெர்னா பக்கம் திரும்பினார். “உங்கள் குடும்பக் குறி என்கிறார்கள். சரி, அதற்கு என்ன அர்த்தம்?”

“தெரியாது” என்றாள் வெர்னா.

“தெரியாதா?”

“யாரும் சொன்னதில்ல. ஆனா போடுவோம். புதுச் செருப்பு வாங்குனா அடியில எங்க அப்பா விரலால போடுவாரு. எனக்கு மொதல் நோட்டுப் புத்தகம் வந்தப்போ என் விரலப் பிடிச்சு அட்டையில போட வச்சாரு. நான் முப்பத்தோரு வருஷமும் பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கு பஸ்ஸோட மூஞ்சித் தூசியில போட்டுட்டுத்தான் வண்டி எடுப்பேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல.” என்னைப் பார்த்து, “இதத்தான் சொல்ல வந்தேன்” என்றாள்.

என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“இங்கே போட்டுக் காட்ட முடியுமா?” என்று கேட்டார் அதிகாரி.

வெர்னா எதிரிலிருந்த தண்ணீர்க் குவளையில் விரலை நனைத்தாள். மேசை மரத்தில் வைத்தாள். வலக்கோடியில். அங்கிருந்து இடப்பக்கம் இழுத்து, மேலே ஏற்றி, வளைத்து, சுருட்டி, உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். மேலே திரையில் நான் மறுபடி ஓட்டிய பதினொரு புள்ளிகளும் அதே நேரத்தில் அதே வழியில் போய் அதே இடத்தில் நின்றன.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு கேள்வி இல்லை என்றார். அதிகாரி உள்ளே போய்ப் பதினேழு நிமிடத்தில் வந்தார். தார்ன்பரிப் புதைமேடு வெர்னா டாலிவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் உரியது. ஆறு தலைமுறைச் சான்று ஏற்கப்படுகிறது. அப்போதும் அவர் சிரிக்கவில்லை, ஆனால் மேசையில் காய்ந்துகொண்டிருந்த குறியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

சர்ச்சுக் கூட்டம் எழுந்து பாட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தில் நஞ்சப்பன் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து, பையிலிருந்து பொன்னாடையை எடுத்தார். எனக்குப் போர்த்தப்போகிறார் என்று நினைத்துக் கழுத்தைக்கூடத் தாழ்த்திவிட்டேன். என்னைத் தாண்டிப் போய் வெர்னாவுக்குப் போர்த்தினார். அவளும் ராணி மாதிரி நிமிர்ந்து வாங்கிக்கொண்டாள்.

“கேக்கு என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“வெளிய வண்டில இருக்குதுங்க. எல்லாருக்கும் குடுத்தர்லாம். எந்தப் பக்கமிருந்து வெட்டறதுன்னுதான் சொல்லிப்போடுங்க.”

இத்தோடு முடித்திருந்தால் நல்ல முடிவுதான். ஆனால் பன்னிரண்டு குறிகள் மீதி இருந்தன. ஜூன் மாதம் அவற்றை ஓட்டினேன். பத்து, எதிர்பார்த்தபடி. கடைசி இரண்டும் சமையல்கட்டின் புகைபோக்கிக்கு அடியில், அடுத்தடுத்துப் பதித்த கற்கள்.

முதல் கல்லில் ஓர் ஆணின் விரல். தடிப்பு, நகம் பிளந்தது. குடும்பத்து ரேகை இல்லை. ஒளிப்புள்ளி சுழிக்குள் பிறந்தது. வளைந்து இறங்கியது. வலப்பக்கம் நீளமாக ஓடி, கோட்டை முடிக்க மனமில்லாததுபோலக் கல்லின் ஓரம் வரை போய் நின்றது.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அந்த விரல் வேறு எந்தக் கல்லிலும் இல்லை. தார்ன்பரி முழுவதிலும் அது ஒன்றுதான். இரண்டாவது கல்லை ஓட்டினேன். அதில் இருந்தது எனக்குத் தெரிந்த விரல். பால் அறையில் குட்டியாக இருந்து, சமையல்கட்டில் தாயானவள். அவள் குறிகள் ஆறு பார்த்திருக்கிறேன், ஆறும் வலக்கோடியில் தொடங்குபவை. இது மட்டும் சுழியில் தொடங்கியது. மெதுவாக. இரண்டு இடத்தில் நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்து.

போனை எடுத்தேன். நஞ்சப்பன் பெயர்தான் மேலே இருந்தது. அதைத் தாண்டி வெர்னாவைக் கூப்பிட்டேன்.

வந்து, இரண்டையும் மூன்று தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது கேள்விதான் கேட்டேன்.

“நீங்க என்ன நெனக்கீங்கக்கா?”

“இந்த மனுஷன் எங்க அடையாளத்தச் செவத்துல பாத்துருக்கான்” என்றாள். “எங்கருந்து வந்தானோ. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம கெடந்துருப்பான். இதப் பாத்ததும் தன் ஊரு எழுத்துன்னு நெனச்சுட்டான். உன்ன மாதிரியே.”

“தப்பா நெனச்சுட்டான்.”

“ஆமா. பதிலுக்குத் தன் எழுத்த எழுதிட்டான்.” அவள் விரல் இரண்டாவது கல்லுக்குப் போனது. “இவ அது தப்புன்னு அவன்ட்ட சொல்லல பாரு. அவன் எழுதுனத நின்னு பாத்துருக்கா. அதே மாதிரி எழுதிக் காட்டிருக்கா.”

அழுதேன். வெர்னாவும் அழுதாள், ஆனால் தலையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். “எங்க ஆளு” என்றாள். “பாத்தியா, எங்க ஆளு.”

“நஞ்சப்பன் அண்ணாச்சிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லு. அவளப் பத்தி மொதல்ல சொல்லு.”

அவள் போனபிறகு ஒரு தாளை எடுத்துவைத்து நஞ்சப்பனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. வழக்கப்படி பேனா தாளின் தலைக்குப் போனது, சுழி போட. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, வலக்கோடியில் வைத்து இடப்பக்கம் இழுத்தேன். ஐம்பது வயதில் புதுப் பழக்கம், கோணல்மாணலாகத்தான் வந்தது.